கை தெரியாத ஏழு பிள்ளைகள்

ஏழு படங்களிலும் ஒரு கைகூடத் தெரியவில்லை என்பது தையல்காரிக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது. முதல் இரண்டு நாளும் அவள் கண் துணியை விட்டு நகரவில்லை. தொழில் அப்படி. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் தோள் தையல்தான் அவளுக்குத் தெரியும். ஒருமுறை காய்ச்சலென்று டாக்டரிடம் போனவள், அவருடைய வெள்ளைக் கோட்டில் காலர் ஒரு பக்கம் ஏறியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்பதைக் காதிலேயே வாங்காமல் திரும்பி வந்தாள்.

அந்த ஓவியக் காட்சியகம் சின்னது. படங்களுக்குப் பொறுப்பான காப்பாளர், ஒரு வாட்ச்மேன், டிக்கெட் கிழிக்கும் ஒரு பெண், அவ்வளவுதான் ஆட்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஓர் ஓவியர் வரைந்த ஏழு குழந்தைப் படங்கள் யாரோ வீட்டுப் பரணிலிருந்து அங்கே வந்து சேர்ந்திருந்தன. ஏழிலும் பிள்ளைகள் நிஜ அளவிலேயே இருந்தார்கள். அவர்கள் போட்டிருந்த உடுப்புகளை அச்சு அசலாகத் தைத்து, பிள்ளை அளவிலேயே செய்த பொம்மைகளுக்கு மாட்டி, படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் கூட்டம் வரும் என்பது காப்பாளரின் யோசனை. அதற்குத்தான் தையல்காரியைக் கூப்பிட்டிருந்தார்.

கையைக் காணோமே என்று அவள் கேட்டதும் காப்பாளர் சிரித்துவிட்டார். "கை வரையறதுதாம்மா இருக்கறதுலயே கஷ்டம். பெரிய பெரிய ஆளுங்களே அங்கதான் மாட்டுவாங்க. இவரு தப்பிச்சுக்கிட்டாரு, நீளமா ஒரு சட்டைக் கையை வரைஞ்சு மூடிட்டாரு. அதான் பேரு வாங்காமலே போய்ச் சேர்ந்தாரு" என்றார். அவளும் சிரித்தாள். தைக்கத் தெரியாதவன் பூவேலை செய்து மறைப்பதில்லையா, அதே கதைதான் என்று நினைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு படத்துக்குத் திரும்பினாள்.

சிரிப்பு அங்கே நின்றது. சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டி நாலு விரல் நீளமாகத் தொங்கியது, சரி. பெரியவன் உடுப்பைச் சின்னவனுக்குப் போட்டால் அப்படித்தான் தொங்கும். ஆனால் தொங்குகிற கைக்கு ஒரு வாய் இருக்கும். அந்த வாய்க்குள் கொஞ்சம் இருட்டு தெரியும். சரிகையில் ஓடிய ஒவ்வொரு இழையையும், முழங்கையில் விழுந்த ஒவ்வொரு சுருக்கத்தையும் பொறுமையாக வரைந்திருந்த மனிதர் அந்த இருட்டை மட்டும் வரையவில்லை. இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றின் மேல் பொடிப்பொடியாகத் தையல் ஓடியது. கைநுனி மூடித் தைக்கப்பட்டிருந்தது. அவள் ஏழு படங்களையும் பார்த்தாள். பதினாலு கையும் அப்படியே இருந்தன.

அதற்குப் பிறகு அவள் பார்த்ததெல்லாம் தையல் தெரிந்தவர்களுக்கு மட்டும் படக்கூடிய விஷயங்கள். படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து டேப்பை வைத்து அளந்தாள். கழுத்துச் சுற்றளவு ஒன்பதரை அங்குலம். எந்தப் பிள்ளைத் தலையும் அதற்குள் நுழையாது. முன்பக்கம் பொத்தான் இல்லை, கொக்கி இல்லை, முடிச்சுப் போட நாடா இல்லை. முதுகில் இருக்கும் என்று பார்த்தால், நாலாவது படத்தில் பையனுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வரையப்பட்டிருந்தது. அதில் தெரிந்த முதுகிலும் திறப்பு இல்லை. கீழே, தரையைத் தொடும் விளிம்பும் தலையணை உறையை மூடித் தைத்த மாதிரி மூடியிருந்தது. பிள்ளைத்துணி தைப்பவர்கள் முதலில் யோசிப்பதே எப்படிக் கழற்றுவது என்பதைத்தான். பிள்ளைகளுக்கு அவசரம் வந்தால் அம்மா வரும்வரை பொறுக்காது.

இன்னொன்றும் இருந்தது. வளர்கிற பிள்ளைக்கு இரண்டு விரல் விட்டுத் தை என்பார்கள். பக்கத்திலும் அடியிலும் கொஞ்சம் துணியை உள்ளே மடித்து விட்டால் அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அந்த மடிப்பு வெளியே ஒரு மெல்லிய மேடாகத் தெரியும். இந்த உடுப்புகள் எதிலும் அந்த மேடு இல்லை. ஒரு நூல் அளவுகூட விடாமல், இந்த உடம்பு இப்படியேதான் இருக்கப் போகிறது என்று தெரிந்து தைத்த உடுப்புகள் அவை. நினைத்ததும் டேப்பைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். ஓவியருக்கு மடிப்பு வரையத் தெரியவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

காப்பாளரிடம் இதையெல்லாம் சொன்னதும் அவர் உற்சாகமாகிவிட்டார். நாலாவது படத்தின் சட்டத்துக்குப் பின்னால் கிடைத்தது என்று ஒரு பழுப்புக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அதைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்சிக்கு வைக்கப் போகிறாராம். அதில் மூன்றே வரி இருந்தது. படம் வந்து சேர்ந்தது. மிகவும் நன்றாக இருக்கிறது. பிள்ளை எப்போது வரும்?

அந்த ஓவியர் ஒரு படத்துக்கு மாசக்கணக்கில் எடுத்துக்கொள்வார், அதுவரை பிள்ளைகள் அவர் வீட்டிலேயே தங்கியிருக்கும், அதைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று காப்பாளர் விளக்கினார். இதற்குப் பதில் கடிதம் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டாள். கிடைக்கவில்லை என்றார்.

ஆறு உடுப்புகளை அவள் தன் இஷ்டத்துக்கு முதுகில் ஒரு மறைவான திறப்பு வைத்துத் தைத்து முடித்தாள். பொம்மைகளின் தலையைத் திருகிக் கழற்றலாம் என்பதால் கழுத்து ஒரு பிரச்சினையாக இல்லை. கைநுனிகளை மூடாமல் உள்ளே மடித்து விட்டாள். ஆறையும் பொம்மைகளுக்கு மாட்டிச் சுவரோரம் வரிசையாக நிறுத்தியபோது ஒரு வாசனை வந்தது. புதுத்துணி என்றால் கஞ்சி வாசனை அடிக்கும். இது தூங்கி எழுந்த பிள்ளையின் உச்சந்தலை வாசனை. குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் அடித்தது. தன் மகள் நினைப்பாகவே இருந்தால் மூக்குக்கூட அவளைத்தான் தேடும் என்று விட்டுவிட்டாள்.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு இடத்தில் அரை நிமிஷம் இருக்க மாட்டாள். சும்மா உட்கார்ந்திருந்தால் காய்ச்சல் என்று அர்த்தம், உடனே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். வாலுவின் அப்பா வேலைக்காக வெளியூர் போனவர். மாசம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் தையல்காரிக்கு உலகம் என்று இருந்தது அந்த ஆறு வயது வால்தான். அந்த உலகமும் சாயங்காலமானால் கழுத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு முட்ட முத்தம் கொடுக்கும்.

ஏழாவது படம் ஒரு சிறுமி. உயரமான முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் நீலத்தில் ஓர் உடுப்பு கழுத்திலிருந்து பாதத்துக்குக் கீழே வரை விழுந்திருந்தது. அழைப்பிதழில் அச்சடிக்கப் போவது அந்தப் படத்தையும் அந்த உடுப்பையும்தான் என்பதால் காப்பாளர் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார். திறப்பு கிறப்பு எதுவும் கூடாது, படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும். அளந்து பார்த்தபோது தோள் பத்து, மார்பு இருபத்து மூன்று. வாலுவின் அளவு அவளுக்கு மனப்பாடம், அதுவும் இதேதான். ஆறு வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஏறக்குறைய இந்த அளவுதான் என்று நினைத்தாள். நினைப்பு சரிதான்.

போட்டோ எடுக்கிற நாள் காட்சியகத்துக்கு விடுமுறை. காலையில் காப்பாளர் போன் செய்து, ஏழாவது பொம்மை வந்து சேரவில்லை, போட்டோகிராபர் ஐந்து மணிக்கு வருகிறார், ராத்திரி அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும், எதிலாவது மாட்டி வையுங்கள் என்று கெஞ்சினார். வாலுவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு அன்றைக்கென்று ஜுரம். வேறு வழியில்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியிலேயே யோசனை வந்தது. எதிலாவது என்ன, இவளிலேயே மாட்டலாமே.

படங்கள் இருந்தது கீழ்த்தளத்துச் சேமிப்பறையில். அங்கே ஒரு விதி உண்டு. சட்டத்திலிருந்து கழற்றிய படங்கள் வெளியே இருக்கும்போது அறையை வெளியிலிருந்து பூட்ட வேண்டும். செல்போன்களை மேலே கேட்டில் கொடுத்துவிட வேண்டும். இத்தனை நாளும் காப்பாளர் மேலே தன் மேசையில் இருந்ததால் அது அவளுக்கு உறுத்தவில்லை. அன்று இரண்டு மணிக்கு அவர்களை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு, போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு ஐந்துக்கெல்லாம் வந்துவிடுகிறேன் என்று சாவியோடு போனார். காலடிச் சத்தம் படியேறிப் போய், இரும்புக் கதவு ஒன்று மூடி, அதற்கும் மேலே வாட்ச்மேனின் ரேடியோ லேசாகக் கேட்டது.

உச்சியில் ஒரு நீளமான ஜன்னல். அதன் வழியே நல்ல வெயில் வந்து மேசைமேல் விழுந்தது. அந்துருண்டை வாசனை, பழைய மர வாசனை, ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் வாசனை. சுவரில் சாய்த்து வைத்த ஏழு படங்கள் ஒரு பக்கம், ஆறு பொம்மைகள் ஒரு பக்கம். வாலு அரை மணி நேரத்தில் ஆறு பொம்மைக்கும் பெயர் வைத்து, ஒன்றின் தலையைத் திருகி எடுத்து மடியில் வைத்துத் தாலாட்டி, நாலு முறை தண்ணீர் குடித்து, இரண்டு முறை ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள். ஓரத்தில் சின்ன கழிவறை இருந்தது, நல்லவேளை.

முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்து விட்டபடி உடுப்பை மகளுக்கு மாட்டி, முக்காலியில் உட்கார வைத்தாள். இனி முதுகை, கைநுனியை, கீழ்விளிம்பை மூடித் தைக்க வேண்டும். போட்டோ முடிந்ததும் நூலை வெட்டி எடுத்தால் போயிற்று.

தையல் தொழிலில் இருப்பவர்கள் போட்டிருக்கும் துணியில் ஊசி வைக்க மாட்டார்கள். பிணத்துக்குத்தான் உடம்போடு வைத்துத் தைப்பார்கள். அவசரத்துக்குத் தைத்தே ஆக வேண்டுமென்றால், போட்டிருப்பவர் ஒரு நூல் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிணம் கடிக்காது. உள்ளே இருப்பது உயிர் என்று ஊசிக்குத் தெரிந்துவிடும். அவள் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை, ஆனாலும் கடையில் ஒரு நாள்கூட மீறியதில்லை. வெள்ளை நூலில் ஒரு துண்டு வெட்டி மகள் வாயில் வைத்தாள்.

"இதைக் கடிச்சுக்கிட்டே இரு. அம்மா முடிக்கற வரைக்கும் விடக் கூடாது, என்ன?"

முதுகு முடிந்தது. இடது கை மூடியது. வலது கையில் பாதி போகும்போது வாலு முகத்தைச் சுளித்து நூலைத் துப்பிவிட்டாள். சப்பென்று இருக்கிறதாம். நூல் தரையில் விழுந்ததைத் தையல்காரி பார்த்தாள். குனிந்து எடுக்க வேண்டும், அல்லது வேறொன்று வெட்ட வேண்டும். அப்படிச் செய்தால் இவள் இறங்கி ஓடுவாள், மறுபடி பிடித்து உட்கார வைக்கக் கால் மணி நேரம் ஆகும். பிள்ளை அதிசயமாக அசையாமல் இருந்தாள். இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று தோன்றியது. போகட்டும் என்று ஊசியை ஓட்டினாள். வலது கையை மூடினாள். பாதத்துக்குக் கீழே விளிம்பைச் சேர்த்து மூடி, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மணி மூன்று இருபது. தள்ளி நின்று பார்த்தாள். படத்தில் இருப்பது அப்படியே இருந்தது. சுருக்கம்கூட அதே இடத்தில் விழுந்திருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வெட்டுத் துணிகளைக் கூட்டிப் பைக்குள் அடைத்தாள், ஊசிகளை எண்ணி டப்பாவில் போட்டாள், மேசையைத் துடைத்தாள். இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது அவளுக்குப் பட்டது.

திரும்பினாள். வாலு அப்படியே இருந்தாள்.

"என்னடி, இன்னிக்கு இவ்ளோ சமத்து?"

கொஞ்ச நேரம் கழித்து, தூரத்திலிருந்து கேட்டு வருவது போல, "ம்" என்றாள். கண் சிமிட்டினாள். அடுத்த சிமிட்டலுக்காகத் தையல்காரி காத்திருந்தாள். சுவர்க்கடிகாரத்தில் நிமிஷ முள் ஒரு கோடு நகர்ந்தது. இன்னொரு கோடு நகர்ந்தது. சிமிட்டவில்லை.

ஓடிப்போய் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. நெற்றி குளிர்ந்து, வழவழப்பாக, விரலில் லேசாக ஒட்டியது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். ஆளிவிதை எண்ணெய். மேசையைத் துடைத்த துணியில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். மேசையில் எண்ணெய் எதுவும் இல்லை.

போட்டோவும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று சிறு கத்தரியை எடுத்து மகளுக்குப் பின்னால் போனாள். வெள்ளை நூலில், பிரிக்கச் சுலபமாக, எட்ட எட்டத் தைத்த தையல். அதைக் காணோம். கழுத்திலிருந்து இடுப்புவரை விரலால் தடவினாள். துணி ஒரே துணியாக ஓடியது. இணைப்பு இல்லை, முடிச்சு இல்லை, ஊசி போன துளைகூட இல்லை. கைநுனியைப் பார்த்தாள். அங்கே பொடிப்பொடியான தையல் இருந்தது. அவள் போட்டது இல்லை அது.

மூடிய கைக்குள் மகளின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். இருந்தன. ஐந்தும் இருந்தன. அழுத்தினாள். திருப்பி அழுத்தின. அந்தச் சின்ன அழுத்தத்தில் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அம்மா இதைக் கழட்டிடறேன் கண்ணு. ஒரு நிமிஷம் இரு."

பெரிய கத்தரியை எடுத்தாள். நல்ல துணி, மூன்று வாரத்து உழைப்பு. கழுத்துக்குக் கீழே கத்தரியை வைத்து முதுகை நேராக வெட்டினாள். துணி பிளந்தது. உள்ளே அதே சாம்பல் நீலத்தில் இன்னொரு துணி இருந்தது.

அவள் உள்துணி வைத்துத் தைக்கவில்லை.

அதை வெட்டினாள். உள்ளே இன்னொன்று. அதையும் வெட்டினாள். இன்னொன்று. ஒவ்வொன்றும் இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்ட மாதிரி. வெட்டி வெட்டிப் பின்னால் எறிந்தாள். துணி கணுக்காலைச் சுற்றிக் குவிந்தது. உச்சந்தலை வாசனை அறை முழுக்க அடித்தது. ஒரு தலையின் வாசனை இல்லை அது. பள்ளிக்கூட வகுப்பறைக்குள் நுழைந்தால் அடிக்குமே, அந்த அளவு.

கத்தரியைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினாள். இரண்டு கையாலும் தட்டினாள். காப்பாளரைக் கூப்பிட்டாள், வாட்ச்மேனைக் கூப்பிட்டாள், கடைசியில் யாரையென்று இல்லாமல் கத்தினாள். கதவு அதிர்ந்தது. மேலே ரேடியோவில் யாரோ செய்தி வாசித்தார்கள். செய்தி முடிந்து பாட்டு வந்தது. யாரும் வரவில்லை. மணி மூன்று ஐம்பது. ஐந்துக்கு இன்னும் ஒரு மணி பத்து நிமிஷம்.

"அம்மா, கூசுது" என்றாள் வாலு.

திரும்பி ஓடிவந்தாள். மறுபடி வெட்டினாள். பிள்ளை மேல் பட்டுவிடுமோ என்று பயம். பட்டால்கூடப் பரவாயில்லை, ஒரு கீறல் விழட்டும், ஒரு சொட்டு ரத்தம் வரட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது. கத்தரி துணியைத் தவிர எதிலும் படவில்லை.

கடைசித் துணி பிளந்தது.

உள்ளே கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று. தோள் வரை போயிற்று. முதுகு இல்லை. விலா இல்லை. கிணற்றுக்குள் கை விட்ட மாதிரி குளிர்ந்த காற்று. துழாவினாள். முன்பக்கத் துணியின் உள்பக்கம் விரலில் பட்டது. சட்டைக் கையைப் பிடித்தாள். அது தட்டையாக மடங்கியது. உள்ளே விரல்கள் இல்லை.

சத்தம் வராமல் அழுதுகொண்டே முன்னால் வந்து பார்த்தாள். கழுத்துக்கு மேலே மகள் இருந்தாள். கன்னம் இருந்தது. காலையில் அவளே எடுத்த வகிடு இருந்தது. உதட்டை நக்கிக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல், அம்மாவின் தோளுக்குச் சற்று அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துப் பிள்ளைகள் பார்ப்பதும் அப்படித்தான்.

தலை ஒரு பக்கம் சாய்ந்தது. தாங்க உடம்பில்லாமல் மெல்ல, மெல்லச் சாய்ந்தது. தையல்காரி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். விட்டால் விழுந்துவிடும். துணியோடு துணியாகத் தரையில் விழுந்துவிடும்.

"தூக்கமா வருதும்மா."

"தூங்காத. தூங்காத கண்ணு. அம்மாவைப் பாரு."

கண்கள் சொருகின. ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் வெட்டிய விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்தாள். எதற்கென்று தெரியாது. கிழிந்ததைக் கண்டால் கை அதைத்தான் செய்யும். விளிம்புகள் சேர்ந்த இடத்தில், உள்ளேயிருந்து, கழுத்தெலும்பு ஒன்று அவள் விரலில் தட்டுப்பட்டது. கையை எடுத்தாள். போய்விட்டது. சேர்த்துப் பிடித்தாள். வந்தது.

ஊசி.

டப்பாவைக் கவிழ்த்தாள். நூல் கோர்த்தாள். மூன்று முறை தவறியது. முகத்தை மகளின் கன்னத்தோடு அணைத்துத் தாங்கிக்கொண்டு, இரண்டு கையையும் அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கண்ணால் பார்க்காமலே குத்தினாள். ஒரு தையல். கழுத்து நின்றது. இரண்டு, மூன்று. தோள் வந்தது. கோணலோ மாணலோ, குத்தி இழுத்தாள். ஊசி தன் விரலில் ஏறியது, உருவிக் குத்தினாள். மார்பு வந்தது. அதற்குள் ஒரு துடிப்பு வந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். என் தங்கம், என் தங்கம் என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். நிறுத்தினால் அந்த இடத்தில் துணி உள்வாங்கியது. நிறுத்தவில்லை.

வயிறு வந்தது. இடுப்பு வந்தது. சட்டைக் கை உப்பியது. எடை வந்து முக்காலி முனகியது.

மகளின் கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருந்ததால் அவளுக்குச் சுவர்ப்பக்கம் தெரிந்தது. படங்கள் தெரிந்தன. முகங்கள் இருந்தன. முகங்களுக்குக் கீழே உடுப்புகள் தட்டையாகத் தொங்கின, ஆணியில் மாட்டிய துணி மாதிரி. முதல் படத்தில். இரண்டாவதில். ஏழிலும்.

கை தைத்துக்கொண்டேயிருந்தது. முதுகுத்துணி இறுகியது. நூல் தெறிக்கிற மாதிரி விம்மியது. இடுப்புப் பக்கம் ஒரு மேடு எழுந்து நகர்ந்தது. விலாப்பக்கம் இன்னொன்று. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்ன விரல்கள் அவள் மணிக்கட்டைத் தடவின. ஒரு கை. இன்னொரு கை. எண்ண முடியாத அளவுக்குக் கைகள். எல்லாம் சூடாக இருந்தன. எல்லாம் அவளைத் தைக்கச் சொல்லி இழுத்தன.

வெளியே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. காப்பாளர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கி வந்தார். பூட்டில் சாவி நுழைந்தது. தையல்காரி நிமிரவில்லை. இன்னும் ஒரு சாண் திறந்திருந்தது. அந்த ஒரு சாணை விட்டால் பிள்ளை போய்விடும். மூடினால் எல்லாரும் உள்ளே.

அவள் மூடினாள். முடிச்சுப் போட்டாள்.

வாலு நீளமாக மூச்சு விட்டாள். கண்ணைத் திறந்து, முதல் முறையாக அம்மாவை நேராகப் பார்த்தாள். பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்தால் சிணுங்குவாளே, அதே முகம், அதே குரல்.

"அம்மா, இடமே பத்தல. இவங்களைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லும்மா."